சந்தனம் வைத்த ஸ்க்ரூ

அந்த ஆளை மாமா என்று கூப்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு விதைக் கடைக்கு மேலே மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்வார், அப்பேர்ப்பட்ட பிறவி.

பார்த்தால் யாருக்கும் அருவருப்பு வராது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை வராது. எனக்கு மட்டும் அவருடைய வலது கை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். கை தனியாக எங்கேயோ கிளம்பும். மேசைமேல் பேனா இருந்தால் அதன் மூடியை எடுக்கும். தட்டில் முறுக்கு இருந்தால் ஒன்றை ஒடிக்கும். எடுத்தது வாய்க்குப் போகும், இல்லையென்றால் சட்டைப் பைக்குப் போகும். அப்புறம் விரல் நுனியை நாக்கில் ஒற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி தொடைமேல் வந்து படுத்துக்கொள்ளும். கருமம்.

முழுசாக எதையும் எடுக்க மாட்டார். அந்த விஷயத்தில் ரொம்பக் கறார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவருவார். பிரித்தால் ஒரு மூலையில் பள்ளம் இருக்கும். வழியிலேயே ஒன்று உள்ளே போயிருக்கும். அம்மா எங்களுக்கு முன்னால் பக்கத்துத் துண்டுகளை நகர்த்தி அந்தப் பள்ளத்தை மூடுவாள். அப்பாவின் மருந்து ஸ்ப்ரேயரை இரவல் வாங்கிப் போவார், கழுவித் துடைத்துப் பளபளவென்று திருப்பித் தருவார். மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கப் போனால்தான் தெரியும், உள்ளே வாஷர் இருக்காது. யாராவது வாய் விட்டுக் கேட்டுவிட்டால் சிரிப்பார்.

“ஒண்ணு கம்மியானா இன்னாங்க ஆயிடப் போவுது? முழுசா தூக்கிக்கினு ஓடறவன்தான் திருடன்.”

எனக்குச் சடங்கு வைத்தபோது மாமன் முறைக்கு அவரும் ஒரு தட்டு கொண்டுவந்தார். தட்டில் ஒரு டஜன் கண்ணாடி வளையல். அத்தை ஒருத்தி உட்கார்ந்து போட்டுவிட்டாள். ஒரு கைக்கு ஆறு வந்தது, இன்னொரு கைக்கு ஐந்துதான் வந்தது. உடைந்திருக்கும் என்று தட்டைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு சில்லுகூட இல்லை. அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது. ஒற்றைக் கண்ணாடி வளையலை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஆம்பிளை என்ன செய்வான்? அந்த வயதில் அதை யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நியாயத்துக்கு இதையும் சொல்லியாக வேண்டும். கொரோனா வந்து அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, கூடப் பிறந்த சித்தப்பாவே எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. இந்த மாமாதான் தினமும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி கேட்டில் போய் நின்றார். பயமே இல்லை அவருக்கு. அவர் வீட்டு அத்தை மட்டும் ஒருநாள் போனில் அம்மாவிடம் கேட்டாள், “வெச்ச நாலு இட்லியும் துண்றாரா உங்க வூட்டுக்காரரு?” என்று. அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றுதான். இதை நான் பின்னால் சொல்லிக் காட்டியபோது அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அந்த மூணு இட்லிய வேற எவன்டி கொண்டாந்தான்?”

 நோயாளியின் இட்லியில் கை வைக்கிறவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வாழ வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

இனி கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். நான் கேம் விளையாடுவேன். எங்கள் சங்கராபுரம் பக்கத்தில் கல்யாண வயதுப் பெண் ஒருத்தி வெளியே சொல்லக்கூடாத வாக்கியம் இது. காலேஜில் கொடுத்த லேப்டாப் உருகும் வரை விளையாடியிருக்கிறேன். “பொம்பளப் புள்ள துப்பாக்கி சுட்டுகினு உக்காந்திருக்குது பாரு” என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டுவாள். அப்படித் திட்டு வாங்கிய விளையாட்டே ஒரு வேலைக்கு வழி காட்டியது. சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. வெளிவரப் போகிற கேம்களை முன்கூட்டியே விளையாடிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் மிஷின் நம்முடையதாக இருக்க வேண்டும். ஒரு வாரம் சோதனைக்கு வேலை கொடுப்பார்கள், தேறினால் எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டில் ஒரு பேச்சு முடிவானது. வேலை கிடைத்தால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுப்பதில்லை. கிடைக்காவிட்டால், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த வரனுக்குச் சரி சொல்லிவிடுவது. அப்பா வாக்குக் கொடுத்தார், நானும் கொடுத்தேன்.

அப்போது பார்த்து ஊர் உலகத்தில் எங்கேயும் கேம் ஓடத் தேவையான கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சிப் தட்டுப்பாடு என்றார்கள். கிரிப்டோ என்று கம்ப்யூட்டரிலேயே காசு தோண்டி எடுக்கிறவர்கள் லாரி லாரியாக வாங்கி அடுக்கிவிட்டார்கள் என்றார்கள். எங்கேயாவது ஒன்று இருந்தாலும் அந்த விலைக்கு ஒரு கறவை மாடே வாங்கலாம். நான் நாள் கணக்காக உட்கார்ந்து படித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கார்டே வேண்டாம், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற பிராசசர் போதும். ஆனால் அதற்கென்று தனியாக மெமரி கிடையாது. மிஷினில் இருக்கிற ரேமையே அதுவும் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் ரேம் வேகமானதாக, ஒரே மாதிரி இரண்டாக, ஜோடியாக இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு இப்படிச் சொன்னேன்: “ஏர்ல பூட்டற ஜோடி மாதிரிதான்ப்பா. ஒரு மாடு மெதுவா நடந்தா இன்னொண்ணும் அதோட நடைக்குத்தான் போவும்.”

“அப்போ ரெண்டும் நல்ல மாடா வாங்கு” என்றார். இதைவிடத் தெளிவாக எந்த வாத்தியாரும் புரிந்துகொண்டிருக்க முடியாது.

பாகங்களை நான் தேர்ந்தெடுத்தேன். சென்னையிலிருந்து பார்சலில் வரவழைத்தது மாமா. நானே வீட்டில் மாட்டிக்கொள்கிறேன் என்றால் யார் கேட்கிறார்கள்? “மாமா கையால ஆவட்டும், ராசியான கை” என்றாள் அம்மா. கை! அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கடைக்குப் போனோம். நான் கண்கொத்திப் பாம்பாகப் பக்கத்திலேயே நின்றேன். ஒழுங்காகத்தான் மாட்டினார். இரண்டு ரேமும் உள்ளே போனதைப் பார்த்தேன். ஸ்க்ரீனில் பதினாறு ஜிபி என்று வந்தது. வேகமும் சரியாக இருந்தது. எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

அப்புறம் மிஷினை அணைத்துவிட்டு பூஜை என்றார். அவர் கடையில் எந்த மிஷினும் சாமி கும்பிடாமல் படி இறங்காது. கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் அந்தக் கடைக்குப் பேர் வந்ததே அதனால்தான். பக்கவாட்டுக் கதவு மூடாமல் இருந்த கேபினெட்டுக்கு முன்னால் ஒரு தட்டில் கல்கண்டு, வெற்றிலை, எலுமிச்சம்பழம். கற்பூரத்தை ஏற்றிவிட்டு, இடது கையில் மணியை எடுத்துக்கொண்டார்.

“கண்ண மூடிக்கங்க. கொலதெய்வத்த நெனச்சிக்கங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்க வாணாம்.”

மூடினோம். நான் என்ன நாத்திகவாதியா? எனக்கு அந்த வேலை வேண்டும். மனசாரக் கும்பிட்டேன். மணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறக்கச் சொன்னபோது கேபினெட் மூடியிருந்தது. மூடிய ஸ்க்ரூ ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் மிஷின் ஓடிய லட்சணத்தை என்ன சொல்ல. சோதனைக்கு வந்தது ஒரு மலை ரோட்டில் கார் ஓட்டுகிற கேம். கார் நின்று நின்று போனது. கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் ரோடே ஒரு நிமிஷம் காணாமல் போய்த் திரும்பி வந்தது. நான் அதையெல்லாம் கேமின் தப்பு என்று மாங்கு மாங்கென்று எழுதி அனுப்பினேன். சந்தேகம் வந்து பார்த்தேன். ரேம் பதினாறு என்றுதான் காட்டியது. மாமாவுக்குப் போன் போட்டேன்.

“கார்டு இல்லாத மிஷின் அப்டித்தான் பாப்பா இருக்கும். ஒலகம் பூரா கார்டு இல்ல. மாமா இன்னா பண்ணட்டும் சொல்லு?”

எல்லாவற்றுக்கும் அந்தத் தட்டுப்பாடு அவருக்குக் கை கொடுத்தது. இரண்டு நாள் நம்பினேன். பிறகு ரேமின் வேகத்தைப் பார்த்தேன். கடையில் பார்த்ததற்கு ரொம்பக் கீழே இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாமி கும்பிட்டு பொட்டு வெச்சதப் பிரிக்காதடி. ஆவாது.”

வாரண்டி ஸ்டிக்கராக இருந்தால் நகத்தால் கிழித்துப் போட்டிருப்பேன். குங்குமத்தைச் சுரண்ட எனக்கே கை வரவில்லை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவள், காய்ந்த சந்தனத்துக்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்களை அவர் எப்படி அளந்து வைத்திருந்தார் பாருங்கள். மலையிலும் சமவெளியிலும் எத்தனை வீட்டுக்கு அவர் மிஷின் போயிருக்கும்! ஒருவர்கூடப் பொட்டை அழித்துத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் பேசினார். “நீங்க எழுதினதுல பாதி எங்க கேம்லயே இல்லம்மா. உங்க மிஷின் திணறுறத எங்க தப்புன்னு எழுதியிருக்கீங்க. கடைசி ரிப்போர்ட் நாளைக்குச் சாயங்காலம். அதுவாவது சுத்தமா வந்தா பார்க்கலாம்.”

போனை வைத்ததும் பொட்டைச் சுரண்டினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். கேபினெட் கதவைக் கழற்றினால், நான் வாங்கிய ஜோடியில் ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில், பச்சையாக, ஓரமெல்லாம் கறுத்த ஒரு பழைய எட்டு ஜிபி ரேம். அரசாங்கச் சாமான்களுக்கு எழுதுவது போல அதன்மேல் வெள்ளை எழுத்தில், மலைமேல் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தின் பேர். ரிப்பேருக்கு வந்த பள்ளிக்கூடத்து மிஷினிலிருந்து உருவியதை எனக்குப் போட்டிருக்கிறார். என்னுடையதை உருவி வேறு எவனுக்கோ போட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைகளுடைய மிஷினுக்கு எந்தக் குப்பையைப் போட்டு அனுப்பினாரோ.

என்னைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்துச் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எதிரி என்று வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம். அந்த ஆளுக்கு என்மேல் ஒரு கோபமும் கிடையாது. சும்மா, கை போனது, எடுத்தது. முறுக்கை ஒடிப்பது மாதிரி என் வாழ்க்கையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு விரலை நக்கியிருக்கிறார். தூ!

அடுத்த நாள் காலையில் அப்பாவின் வண்டியில் அவருக்குப் பின்னால், கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எப்படியாவது என் ரேமை வாங்கி மாட்டி, சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட்டை முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மண்டையில் இருந்தது.

கடையில் வெள்ளிமலையிலிருந்து ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். ஆன்லைனில் அப்ளிகேஷன் போட்டுத் தருகிற கடை வைக்கப் போகிறார்களாம், அதற்குப் புது மிஷின். கேபினெட் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். என்னுடையது மாதிரியே வேகமான ஜோடி.

“பாப்பா போட்டுக் குடுத்த கணக்குதாங்க இது” என்று அவர்களிடம் என்னைக் காட்டினார். “கார்டு கெடைக்காத நேரத்துல எல்லாருக்கும் இதத்தான் போட்டுக்கினு இருக்கேன். வாங்க மச்சான், நல்ல நேரத்துல வந்தீங்க. சாமி கும்பிட்டுட்டுப் பேசலாம்” என்று என் பின்னால் வந்த அப்பாவைக் கூப்பிட்டார்.

வாயைத் திறப்பதற்குள் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். மணி அடிக்க ஆரம்பித்தது. கண்ண மூடிக்கங்க என்றார். அந்த அம்மா மூடினார். அவர் வீட்டுக்காரர் மூடினார். நான் மூடவில்லை.

அப்போது பார்த்தேன். இடது கை மணியை அடித்துக்கொண்டே இருந்தது. வலது கை கேபினெட்டுக்குள் போனது. கட்டை விரலால் கிளிப்பைத் தட்டி ஒன்றை உருவியது. மணிச் சத்தத்தில் அந்தச் சத்தம் வெளியே வரவே இல்லை. அவர் உதடு மந்திரத்தை விடவில்லை. நிமிர்ந்தவர் என் கண்ணைப் பார்த்தார். திடுக்கிடுவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் சிரித்தார். மணியை நிறுத்தாமல் கையை என் பக்கம் நீட்டி, உருவியதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். அந்த விரல் ஈரமாக இருந்தது.

“ஒனக்குத்தான் பாப்பா” என்றார், காற்று மாதிரி.

எனக்கு வேண்டியது அதேதான். அதே கம்பெனி, அதே வேகம். பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினால் மத்தியானத்துக்குள் வீடு, சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட், இரண்டு வருஷம் எனக்கு. எதிரில் அந்த அம்மா கையைக் கூப்பி, கண்ணை இறுக்கி மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில் இப்படித்தானே நின்றேன். கேபினெட்டுக்குள் கையை விட்டு, ரேமை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். டக்கென்று சத்தம் கேட்டது. அந்த அம்மா கண்ணைத் திறந்துவிட்டார்.

“இன்னாம்மா பண்ற?”

“இவரு ஒண்ண உருவிட்டாருங்க. அத திருப்பி மாட்டனேன்.”

“தூசி தட்டலாம்னு எடுத்தேங்க” என்றார் மாமா, மணியைக் கீழே வைத்துக்கொண்டே. “சின்னப் புள்ள, பதறிடுச்சி.”

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “கண்ண மூடச் சொல்லிட்டுத்தான் தூசி தட்டுவீங்களா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீயே மூடிக் குடு கண்ணு. பொட்டெல்லாம் வாணாம்” என்றார்.

மூடிக் கொடுத்தேன். அவர்கள் படி இறங்கிப் போன பிறகு, என்னுடையது எங்கே என்று கேட்டேன்.

“அது அன்னிக்கே போச்சே பாப்பா. யாருக்குப் போட்டேன்னு இப்ப எப்டி சொல்றது?” என்றவர், கூடவே மனத்தாங்கலாக ஒரு பெருமூச்சு விட்டார். “அதான் இப்ப எடுத்துக் குடுத்தேன். நீதான வாங்கல. மாமா வேற இன்னா செய்ய முடியும்?”

பேசிக்கொண்டே பூஜைத் தட்டிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

 கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து வண்டியில் உட்கார்ந்தேன். சங்கராபுரம் ரோட்டில் பாதி தூரம் போனதும் அப்பா தலையைத் திருப்பாமலே சொன்னார்.

“அவர் எடுத்து ஒன் கையில வெச்சத நானும் பாத்தேன்.”

“கண்ண மூடலயாப்பா நீங்க?”

“தொறந்துதான் இருந்தேன். வாங்கிக்கினு வந்திருக்கலாம் இல்ல? அவங்க அப்ளிகேஷன் தட்டப் போறாங்க. அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?”

அப்பாவுக்கு அந்த ஜோடி எதற்கு என்று தெரியும். நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை, நான் கத்திய பிறகு நிறுத்தினார். கேபினெட்டோடு ஒரு புளிய மரத்தடியில் இறங்கி நின்றுகொண்டேன். “பைத்தியமாடி ஒனக்கு? நான் ஒனக்காகத்தான சொன்னேன்!” என்று அவரும் கத்தினார். அவர் சொன்னது உண்மைதான். அவருக்கும் நான் வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் ஆசை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

அந்தத் திணறுகிற மிஷினிலேயே கடைசி ரிப்போர்ட்டை எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, வருந்துகிறோம் என்று பதில் வந்தது. கொடுத்த வாக்குப்படி நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. மாமா குடும்பத்தோடு வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். தாலி கட்டி முடித்து மாலையோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு என்னை அழைத்து வந்தபோது, அப்பா அவர் இலைக்கு முன்னால் வாளியோடு குனிந்து நின்று, “போதுமா மச்சான், இன்னும் கொஞ்சம் வுடட்டா?” என்று பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.